முதுகுப் படமும் எங்கள் படமும்

சென்ற மாதம் தொழுநோய்க் களப்பணியாளர்கள் நான்கு பேர் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தார்கள். தேமல் கண்டால் கைபேசியில் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பி உடனே கேட்டுக்கொள்ளும் வசதி இப்போது வந்துவிட்டதாம். மலையில் சிலர் மட்டும் கைபேசியைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். "அந்தக் காலத்துல உங்கள எப்படி சார் நம்புனாங்க? எங்க கையேட்டுல போடறோம், எழுதிக் குடுங்க" என்றார் ஒருவர்.

நம்பவில்லை என்பதே உண்மை. நம்பாமல் போனதற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தில் என் பங்கு எவ்வளவு என்பதை என் நாட்குறிப்பைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். கையேட்டுக்கு இது பொருந்துமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் தொழுநோய்ப் பிரிவில் படம் காட்டும் ஊழியன். சென்னையில் ஆறு வாரப் பயிற்சி. பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளைக் கருவியில் ஏற்றுவது, அறுந்தால் ஒட்டுவது, ஒலிபெருக்கி கட்டுவது, கூடவே தேமலை இறகால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான் படிப்பு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக ஆவதற்கு வெகுகாலம் முன்பு, ஒரு பழைய வேனில் கருவியை ஏற்றிக்கொண்டு சங்கராபுரம், உளுந்தூர்ப்பேட்டை, கல்வராயன் மலை என்று சுற்றினேன். மாலை ஆறரைக்குத் திரை கட்டுவோம், ஏழுக்குப் படம், ஏழரைக்குக் கேள்வி பதில்.

எங்கள் படம் பதினொரு நிமிடம் ஓடும். நோய் பரம்பரையாக வருவதில்லை, மருந்து இலவசம், முற்றிலும் குணமாகும் என்று சொல்லும் நல்ல படம். ஏழாம் நிமிடத்தில் "இவரைப் பாருங்கள்" என்று ஒரு கனத்த குரல் தொடங்க, ஒரு மலைப் பெண் வருவார். முதுகில் மூன்று தேமல்கள். மருத்துவர் இறகால் தொடத் தொட, கண்ணை மூடியபடி அந்தப் பெண் விரலால் இடத்தைக் காட்டுவார். உணர்ச்சி இல்லாத இடத்தில் விரல் நகராது. பிறகு திரும்பிக் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். இதை நான் எத்தனை ஊர்களில் காட்டினேன் என்பது நாட்குறிப்பில் இருக்கிறது.

நாட்குறிப்புப் பழக்கம் எனக்கு இயல்பாகவே உண்டு. அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் எங்கள் அலுவலர். ஒல்லியான மனிதர், பேசும்போது பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் மூன்று கேள்விகள் வரும்: யார் பார்த்தது, யார் சொன்னது, எப்போது. களக் குறிப்பேடோ அறிக்கையோ, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்வார். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'கேட்டது'. இரண்டும் கலக்கக் கூடாது. கோபம் இல்லாதபோது எங்களை 'நீ' என்பார். கோபம் வந்தால் 'நீங்க' என்று மரியாதைக்கு மாறிவிடுவார். அந்த மரியாதைக்கு நாங்கள் பயப்படுவோம்.

வெள்ளிமலைச் சந்தையில் எங்கள் சுகாதார ஊழியர் ஒரு நாள் ஓர் இளம்பெண்ணைக் கவனித்தார். டீக்கடையில் கொதிக்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் கொப்புளம் எழும்பியது அவளுக்குத் தெரியவில்லை. விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. பெயர் மல்லிகா, வெள்ளிமலையிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். மருந்து உடனே தொடங்காவிட்டால் கை மடங்கியே போய்விடும். ஊழியர் மூன்று முறை அந்த ஊருக்குப் போனார். மூன்று முறையும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். "டெக்குக்காரன் ஒருத்தன் அங்க ஒரு பேய்ப்படம் போட்டுக்கினு இருக்கறான் சார். தோல்ல டி.வி. மொளைக்கிற படமாம். வெள்ளக் கோட்டு போட்ட டாக்டருங்க குத்திக் குத்திப் பாப்பாங்களாம். அதுல ஊரே மெரண்டுபோய்க் கெடக்குது" என்றார் அவர்.

டி.வி.யையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு விடும் காலம் அது. எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. ஒருவேளை நாட்டு மருந்துக்காரர் எவராவது காசு கொடுத்துப் போடச் சொல்கிறாரோ, எங்கள் திட்டத்தைக் கெடுக்க யாரோ வேலை செய்கிறார்களோ என்றெல்லாம் யோசித்தேன். இரண்டு நாள் விசாரித்து ஆளைப் பிடித்தேன். சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை, பெயர் ஏகாம்பரம். டி.வி.யையும் டெக்கையும் ஜெனரேட்டரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குத் திருவிழா போகிறவர்.

பகல் பதினொரு மணிக்குக் கடையின் கதவைச் சாத்திவிட்டு எனக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். வெளிநாட்டுப் படம், என்ன மொழி என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏகாம்பரம் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு ஒருவனுக்காகவே தமிழில் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்.

தெருவில் போகிறவர்களைக் கேட்காமல் படம் பிடிக்கும் ஒருவன். அவன் யாரைப் பிடிக்கிறானோ அவர் உடம்பில் ஓரிடத்தில் தோல் மெலிந்து கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. அதற்குள் அவன் எடுத்த படம் ஓயாமல் ஓடுகிறது. ஒரு பெண்ணுக்கு முதுகில். பேருந்தில் எல்லோரும் அவள் முதுகையே பார்க்கிறார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மருத்துவர்கள் ஊசியால் குத்துகிறார்கள். குத்திய இடத்தில் படம் நடுங்கிவிட்டு மறுபடியும் ஓடுகிறது. கடைசியில் அவனுடைய கேமராவின் மேலேயே அவன் கைத் தோல் வளர்ந்து மூடிக்கொள்கிறது. "இப்ப பாரு, கீழ வைக்க முடியுதா? வைக்க முடியாது! கையே கேமராவா போயிடுச்சி! இனிமே சோறு துன்னாலும் கேமராவாலதான் துன்னணும்!" என்று ஏகாம்பரம் மைக்கில் உறுமினார்.

"இத எங்க வாங்குன?"

"வாங்கல சார். சிங்கப்பூர்லேர்ந்து வந்தவரு அஞ்சாறு கேசட்டு குடுத்தாரு. மிச்சமெல்லாம் கல்யாண கேசட்டு. இது ஒண்ணுதான் படம்."

"அந்த ஊர்ல எத்தன தடவ போட்ட?"

"நாலு. நானா போடல சார். சாமி படம் எடுத்துக்கினு போனா, 'அத உள்ள வை, முதுகுப் படத்தப் போடு'ன்றாங்க. மலைல அதுக்கு அதான் பேரு. கல்யாணத்துக்குக்கூட கேக்கறாங்க!"

"ஜனங்கள பயமுறுத்தறதுக்குன்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

ஏகாம்பரம் சிரித்தார். "பயந்தா ஒரு தடவையோட வுட்ருவாங்க சார். நாலு தடவ எவன் கேப்பான்? நீங்களும் படம் காட்டறீங்க, நானும் படம் காட்டறேன். என்னுதுக்கு ஜனம் கிட்ட வருது. ஒங்களுதுக்கு எட்டப் போவுது. இன்னான்னு யோசிச்சுப் பாருங்க."

தொழில் போட்டியில் பேசுகிறார் என்று நினைத்தேன். அன்று மாலையே அறிக்கை எழுதினேன். 'வீடியோ படத்தைக் கண்டு அஞ்சிய ஊரார் சிகிச்சைக்கு மறுக்கின்றனர்' என்ற வரியை 'கண்டது' பக்கத்தில் எழுதினேன். படத்தை நான் கண்டேன். ஊரார் அஞ்சியதைக் காணவில்லை. அது ஊழியர் சொல்லக் கேட்டது. இத்தனை ஆண்டுகளில் கோடு தாண்டி நான் எழுதிய வரி அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்வேன். அதுவும் எனக்குத் தெரிந்தவரைதான்.

அந்த வாரம் அலுவலர் விடுப்பில் இருந்தார். பொறுப்பில் இருந்தவர் அறிக்கையை அப்படியே காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். ஏகாம்பரத்தின் டி.வி.யும் டெக்கும் கேசட்டுகளும் போய்விட்டன.

அலுவலர் திரும்பி வந்ததும் அறிக்கையைப் படித்தார். பேனாவை மூடினார், திறந்தார்.

"அந்த ஊருக்கு எப்ப போனீங்க?"

'நீங்க' வந்துவிட்டது. "போகல சார்" என்றேன்.

"இடது பக்கம் எழுதியிருக்கீங்களே?"

அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"போயிட்டு வாங்க. கருவி வேணாம். கண்ணு மட்டும் கொண்டு போங்க."

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளிமலையில் இறங்கி நடந்தேன். பத்தரை மணிக்கு ஊருக்குள் நுழைந்தபோது நான்கைந்து பெண்கள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் முறத்தை நிறுத்தாமலே என்னைப் பார்த்தார்.

"வாங்க படக்காரரே. ஒங்கள சந்தையில பாத்திருக்கறேன். மிசினு எங்க?"

"கொண்டு வரலம்மா."

"இன்னாத்துக்குக் கொண்டாரணும்? அதான் நானே நேர்ல இருக்கறனே."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை.

"அடையாளம் தெரியலயா? திரும்பி நின்னா தெரியுமா?"

அப்போதுதான் தெரிந்தது. ஏழாம் நிமிடத்துப் பெண். ஊர் ஊராகத் திரையில் நான் பார்த்த முகம். நேரில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் அலமேலு என்பதும் அன்றுதான் தெரிந்தது. எங்கள் படத்தில் பெயர் கிடையாது. மல்லிகா அவருடைய தங்கை. கூரை வீட்டுக்குள்ளே, பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

"தங்கச்சிக்கு உடனே மருந்து ஆரம்பிக்கணும்மா. அந்த முதுகுப் படத்தப் பாத்துப் பயந்து அனுப்பாம இருக்கக் கூடாது. அது கட்டுக்கதை" என்றேன்.

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஏன் சார், அது பொம்ம படம்னு எங்களுக்குத் தெரியாதா? டெக்குக்காரன் மைக்க புடிச்சிக்கினு கத்தறதப் பாக்கறதுக்கே நாலு தடவ போடலாம்" என்றார் ஒரு பெண்.

அலமேலு சிரிக்கவில்லை. "அதுல ஒருத்தி பஸ்ல போவா இல்ல, எல்லாரும் அவ முதுகையே பாப்பாங்க, அவளுக்கு மட்டும் தெரியாது. அது நாந்தான். எனக்கு நடந்தத எப்பிடிச் சொல்றதுன்னு எனக்கு வாயி வரல. அந்தப் படம் சொல்லிச்சி. அதான் மறுபடி மறுபடி போடச் சொன்னேன்."

பிறகு சொன்னார். அந்த ஆண்டு தை அறுப்புக்கு ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் சமவெளியில் இருக்கும் களமருதூருக்கு இறங்கிப் போயிருக்கிறார்கள். "முன்னாடி நாலு வருசமா அதே கழனிதான். அன்னிக்கு நெல்லு அறுத்துக்கினு இருக்கறேன், வரப்புல நின்னுக்கினு ஒருத்தன், 'படத்துல வந்தவ இவதான்'னான். எனக்கு ஒண்ணும் புரியல. மத்தியானம் சோறு போடறப்போ என்ன மட்டும் தனியா ஒக்கார வச்சாங்க. மறுநா, 'நீங்கல்லாம் போயிடுங்க'ன்னு பன்னெண்டு பேரையும் அனுப்பிட்டாங்க. என்னால இவங்களுக்கும் கூலி போச்சி. இது வரைக்கும் கூப்புடல."

"நீங்க சம்மதிச்சுத்தான எடுத்தாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"டாக்டரு முதுக காட்டுன்னாரு, காட்டனேன். சிரிம்மான்னாங்க, சிரிச்சேன். யார் யாருக்குக் காட்டுவாங்கன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல." முறத்தைக் கீழே வைத்தார். "மாத்திர முழுங்கி என் முதுகு நல்லாயிடுச்சி. இவங்களே பாத்திருக்காங்க. நீ காட்டற முதுகு இருக்குதே, அது நல்லாவே ஆவல. எத்தன வருசமானாலும் அதுல தேமலு அப்பிடியேதான் இருக்குது."

அலமேலு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மருந்து மேல எனக்குச் சந்தேகம் இல்ல, ஒங்க மேலதான். படத்துல இருக்கற என்னக் கொண்டாந்து என் கையில குடு. அப்பறம் இவள அனுப்பறேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து, "அக்கா சொல்றதுதான்" என்று ஒரு குரல் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பை எடுத்தேன். களமருதூர், தை மாதத்தின் முதல் வியாழன். அறுப்புக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. என் கையெழுத்தில் இருந்தது: 'நல்ல கூட்டம். சுருள் நல்ல நிலை. ஏழாம் நிமிடத்தில் முணுமுணுப்பு.' முணுமுணுப்பைக் குறித்தவன், அது என்னவென்று கேட்கவில்லை.

ஏகாம்பரத்தைப் பற்றிய பகுதியை இங்கேயே முடித்துவிடுகிறேன். இரண்டாவது அறிக்கை எழுதினேன். அவருடன் காவல் நிலையத்துக்கும் போனேன். "கண்டதுன்னு எழுதிட்டு, இப்ப கேட்டதுன்னு மாத்தறீங்களா? நல்லாத்தான் படிச்சிருக்கீங்க சார்" என்றார் ஏகாம்பரம். டெக்கு ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது, ஓடும் நிலையில் இல்லை. அந்தக் கேசட்டு திரும்பவே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு இணையத்தில் தேடி அந்தப் படத்தைக் கண்டுபிடித்தேன். வந்த காலத்தில் ஓடாத படமாம். இப்போது பல நாடுகளில் அதற்கென்றே ஒரு பித்துக் கூட்டம் இருக்கிறது. கேமரா எதைக் குறிக்கிறது, அந்தப் பெண் யார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் படித்தேன். அலமேலு சொன்னதற்கு அருகில் யாரும் வரவில்லை. ஏகாம்பரத்தின் குரல் இல்லாமல் பார்த்தபோது படமும் எனக்குப் பாதியாகத்தான் தெரிந்தது.

அலுவலரிடம் நடந்ததைச் சொன்னேன். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கலக்காமல் படித்துக் காட்டினேன். மூன்று கேள்விகளில் ஒன்றுகூட அவர் கேட்கவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"சுருள் அறுந்தா யாரு ஒட்டறது?"

"நான்தான் சார்."

"எவ்வளவு நீளம் அறுந்துதுன்னு இது வரைக்கும் நான் உன்னக் கேட்டிருக்கேனா?"

"இல்ல சார்."

"இனிமேயும் கேக்க மாட்டேன்."

கதவுவரை போனவனைக் கூப்பிட்டார். "வேற பிரதி இருக்குதான்னு அந்தம்மா கேக்கும். இல்லன்னு சொல்லிடு. ஒரு பொய்ல ஒரு கை மிச்சமாவும்."

அலுவலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெட்டினேன். பதினைந்து விநாடி, ஒன்பது அடி. இரண்டு முனைகளையும் சுரண்டி, பசை தடவி, அழுத்தி ஒட்டினேன். பதினாறு மில்லிமீட்டர் சுருளில் ஒலி, படத்துக்குக் கொஞ்சம் முன்னால் பதிந்திருக்கும். அதனால் "இவரைப் பாருங்கள்" என்ற குரல் மட்டும் வெட்டுப்படாமல் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பிரதி ஓடிய ஊர்களில் எல்லாம் குரல் அப்படிச் சொல்ல, திரையில் மாத்திரை அட்டை வந்தது. சுருளின் தகரப் பெட்டியைத் திரும்ப மூடும்போது, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்: பிரதி ஆறு.

வெள்ளிக்கிழமை சுகாதார ஊழியருடன் மலைக்குப் போனேன். துண்டுச் சுருளை அலமேலுவின் கையில் கொடுத்தேன். ஒரு முனையைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"இவ்ளோ சின்னதா? இதுக்குள்ளயா இருந்தேன்?"

கட்டம் கட்டமாக விரலால் தள்ளிக்கொண்டே போனார். முதுகு, மீண்டும் முதுகு, இறகு பிடித்த கை. கடைசி முழத்தில் நின்றார். "இங்கதான் திரும்பறேன். இதோ சிரிக்கறேன். நல்லாத்தான் இருக்குது மூஞ்சி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஒண்ணுதானா?"

'வேறு பிரதி இல்லை' என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. கதவுக்குப் பின்னால் மல்லிகா இருந்தாள். கையில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருப்பதாக வழியில் ஊழியர் சொல்லியிருந்தார். பொய் சொன்னால் அன்றைக்கே மருந்து தொடங்கிவிடலாம்.

"இது ஆறாவதும்மா" என்றேன். "அஞ்சு கட்டாயம் இருக்குது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"அதயும் வெட்டிக் கொண்டாருவியா?"

"முடியாதும்மா. எந்த ஊர்ல இருக்குதுன்னுகூடத் தெரியாது."

முறங்கள் நின்றுவிட்டன. அலமேலு சுருளை மெதுவாகச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இருக்குதுன்னு எனக்கும் தெரியும். இல்லன்னு நீ சொல்லியிருந்தா இப்பிடியே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ஏய், கையக் காட்டுடி. கை மட்டும்" என்றார்.

நான் உண்மை சொன்னது நேர்மையாலா, அல்லது பொய் சொன்னால் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவார் என்ற கணக்காலா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். அன்றைய பக்கத்தில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் காலியாக இருக்கிறது.

கதவிடுக்கில் ஒரு கை நீண்டது. ஊழியர் முழங்கையில் நரம்பைத் தடவிப் பார்த்தார்; நான் இறகை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து மல்லிகா வெள்ளிமலை முகாமுக்கு வந்தாள். கருவி இல்லாமல் நானும் ஒவ்வொரு மாதமும் போனேன். முந்தானையை முகத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்பாள். கையை மட்டும் நீட்டுவாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று விழுங்குவாள். ஒரு மாதமும் தவறவில்லை. புண் ஆறியது. மோதிர விரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் பாதி மடங்கியே நின்றுவிட்டது.

அந்தக் கையை ஆயிரம் கைகளுக்கு நடுவில் காட்டினாலும் இன்னாருடையது என்று சொல்வேன். முகம் எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிமலைச் சந்தைக்குப் பலமுறை போயிருக்கிறேன். அவள் என்னைப் பார்த்திருப்பாள்.